வூஹானுக்குப் படிக்க வர்றீங்களா? மொத மாசம் எதை எந்த வரிசையில பண்ணணும்னு சொல்றேன்

செப்டம்பர் பொறந்தா போதும், எனக்கு மெசேஜ் மேல மெசேஜ். "அண்ணா வந்து இறங்கிட்டேன், சிம் இல்ல, பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க, கையில நூறு யுவான் நோட்டு இருக்கு ஆனா கடைக்காரம்மா சில்லறை இல்லைன்னு கை விரிக்குது, என்ன பண்றது?" ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி விரலே தேஞ்சிரும் போல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் இருக்கறது வூஹான். ஹுபெய் மாகாணத்தோட தலைநகரம். ஒரு ஊர்னு சொல்றாங்களே தவிர உண்மையில யாங்சே ஆத்துக்கும் ஹான் ஆத்துக்கும் நடுவுல வூச்சாங், ஹான்கோ, ஹான்யாங்னு மூணு ஊரு ஒண்ணா ஒட்டினது. யுனிவர்சிட்டிங்க பெரும்பாலும் வூச்சாங் பக்கம். வூஹான்னு சொன்னதும் வீட்டுல எல்லாரும் 2020-ஐத்தான் நினைப்பாங்க, எங்க பாட்டி இன்னமும் போன்ல "மாஸ்க் போட்டியா"ன்னுதான் ஆரம்பிக்கும். அதெல்லாம் கடந்து போச்சு, ஊரு ஜேஜேன்னு இருக்கு. வேற சீன நகரத்துக்குப் போறவங்களும் இதைப் படிக்கலாம், மெட்ரோ லைன் நம்பரும் சாப்பாடும்தான் மாறும், பேப்பர் வேலை முக்காவாசி இதேதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க. இங்க எந்த வேலையும் தனியா நிக்காது, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நடக்காது. சிம் இல்லாம பேங்க் அக்கவுண்ட் இல்ல, பேங்க் கார்டு இல்லாம சில ஆப் முழுசா வேலை செய்யாது, ஆப் இல்லாம சாப்பாடு கரண்டு பஸ்ஸு எதுவும் ஓடாது. இந்தச் சங்கிலி முழுக்க உங்க பாஸ்போர்ட்ல இருக்கற பேர்லதான் தொங்குது. அதனால பேர்லருந்தே ஆரம்பிக்கறேன்.

உங்க பேரு

நம்மாளுங்களுக்கு இருக்கற பெரிய தலைவலி இது, வடநாட்டுப் பசங்களுக்குக் கூட இவ்வளவு இல்ல. நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது. பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருத்தர் அப்பா பேரை சர்நேம்ல போட்டிருப்பார், இன்னொருத்தர் சர்நேமைக் காலியா விட்டுட்டு ரெண்டையும் கிவன் நேம்லயே போட்டிருப்பார். சீனாவுல குடும்பப் பேருதான் முன்னாடி வரும். அதனால கவுண்டர்ல இருக்கறவங்க பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு எது முன்னாடி எது பின்னாடின்னு அவங்களா ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க. சிம் கடையில "முருகேசன் கார்த்திக்"னு அடிப்பாங்க, பேங்க்ல "கார்த்திக் முருகேசன்"னு அடிப்பாங்க, இன்னொரு இடத்துல நடுவுல இடமே விடாம ஒட்டி அடிச்சிருப்பாங்க. நமக்கு மூணும் ஒரே ஆளு, அவங்க சிஸ்டத்துக்கு மூணு பேரு.

எனக்கு நடந்தது இதுதான். பேங்க் கார்டு கையில வந்தாச்சு, சந்தோஷமா அலிபேல, அதாவது போன்லயே காசு கட்டற ஆப்ல, சேக்கப் போனா "தகவல் பொருந்தவில்லை"ன்னு செவப்பா வருது. திரும்ப அடிச்சேன், திரும்ப அதே. மறுநாள் பேங்குக்குப் போனா எல்லாம் சரியாத்தான் இருக்குங்கறாங்க, போன் கடைக்குப் போனா அங்கயும் சரியாத்தான் இருக்குங்கறாங்க. மூணாவது தடவை பேங்க்ல இருந்த ஒரு சின்னப் பொண்ணு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு, பாத்தா என் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ரெண்டு ஸ்பேஸ் விழுந்திருக்கு. ஒரே ஒரு ஸ்பேஸ் அதிகம்! அதுக்கு ரெண்டு நாள் கிளாஸ் போச்சு.

அதனால என்ன பண்ணணும்னா, பாஸ்போர்ட்ல போட்டோ இருக்கற பக்கத்துல கீழ ரெண்டு வரி கோணல் அம்புக்குறியா இருக்கும் பாருங்க, மெஷின் அதைத்தான் படிக்குது, அந்த வரிசையையே எல்லா எடத்துலயும் வச்சுக்கோங்க. எல்லாம் பெரிய எழுத்து, ஒரே வரிசை, ஒரே இடைவெளி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அச்சடிச்சுத் தர்ற சீட்டைப் படிச்சுப் பாருங்க, போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க. மொதல்ல போட்டது சிம்மா இருந்தா அந்தச் சிம் சீட்டைக் காட்டி "இதே மாதிரி அடிங்க"ன்னு பேங்க்ல கேட்டு வாங்கிக்கலாம். டீச்சர் அழகா ஒரு சீனப் பேரு வச்சு விடுவாங்க, அது கிளாஸுக்கு மட்டும், எந்த ஃபார்ம்லயும் அதை எழுதிடாதீங்க. எங்க டிபார்ட்மென்ட்ல மூணு வருஷமா எல்லாரும் என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க, அப்பாவுக்கு அதுல ஒரே பெருமை.

கிளம்புறதுக்கு முன்னாடி

அட்மிஷன் லெட்டர், ஜேடபிள்யூ ஃபார்ம் (படிப்பு விசாவுக்காக யுனிவர்சிட்டி அனுப்பற பேப்பர்), மெடிக்கல் ஃபார்ம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் ஒரிஜினல், எல்லாம் கைப்பையில. செக்-இன் பெட்டியில போட்டு பெட்டி கோலாலம்பூர்லயே தங்கிட்டா அவ்வளவுதான். வெள்ளை பேக்கிரவுண்டு போட்டோ ஒரு டஜன். நம்ம ஊரு உருண்டைப் பின் இங்க பிளக்ல போகாது, வோல்டேஜ் 220-தான், அடாப்டர் மட்டும் ரெண்டு எடுத்துக்கோங்க.

சாம்பார் பொடி, ரசப் பொடி, புளி, பெருங்காயம் கொண்டு வாங்க. பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம், விதை, கறி போட்ட ஊறுகாய் இதெல்லாம் கஸ்டம்ஸ்ல விட மாட்டாங்க. அம்மா கண்ணீரோட கட்டிக் கொடுத்ததை குப்பைத் தொட்டியில போட்டுட்டு வர மனசு வராது, அதனால கட்டும்போதே தடுத்துருங்க.

கார்டு விஷயம். இன்டர்நேஷனல் ஆக்டிவேட் பண்ணின விசா இல்ல மாஸ்டர்கார்டு ஒண்ணாவது வேணும், ரெண்டு இருந்தா நிம்மதி. அலிபே ஆப்ல வெளிநாட்டுக் கார்டைச் சேக்கலாம், ஒரு தடவைக்கு 200 யுவான் வரைக்கும் கட்டணம் கிடையாது, அதுக்கு மேல போனா 3 சதவீதம் புடிப்பாங்க. பேங்க் அக்கவுண்ட் வர்ற வரைக்கும் இதுதான் உயிர். ஊர் நம்பருக்கு ரோமிங் போட்டு உயிரோட வச்சிருங்க, ஏன்னா கார்டு ஓடிபி அதுலதான் வரும். நெறைய பேரு ஊர் சிம்மைக் கழட்டி அம்மாகிட்ட கொடுத்துட்டு வந்து, அர்த்த ராத்திரி அம்மாவை எழுப்பி ஓடிபி கேட்டுட்டு இருக்காங்க.

அடுத்து வீசாட், இங்க மெசேஜ் அனுப்பறது, காசு கட்டறது எல்லாம் இந்த ஆப்லதான். இந்தியாவுல 2020 ஜூன்ல தடை பண்ணின 59 ஆப்ல அதுவும் ஒண்ணு, அதனால அங்க ஸ்டோர்ல கிடைக்காது, இங்க வந்தா கூகிள் பிளேயே திறக்காது, ரெண்டுங்கெட்டான் நிலைமை. ஆண்ட்ராய்டு வச்சிருக்கறவங்க இங்க இறங்கினதும் வீசாட்டோட சொந்த சைட்லருந்தே நேரா இறக்கிக்கலாம். ஐபோன்காரங்க ஆப்பிள் ஐடியோட நாட்டை மாத்தணும், அதுல பேலன்ஸோ சந்தாவோ இருந்தா மாத்த விடாது, அதை மட்டும் ஊர்லயே முடிச்சுட்டு வாங்க. புது அக்கவுண்ட் திறக்க ஏற்கெனவே வீசாட் வச்சிருக்கற ஒருத்தர் உங்க ஸ்கிரீனை ஸ்கேன் பண்ணி சாட்சி சொல்லணும், ஒருத்தரால மாசத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் சொல்ல முடியும். செப்டம்பர்ல சீனியருங்க கோட்டா மொத வாரத்துலயே தீந்துரும், முன்கூட்டியே துண்டு போட்டு வச்சுக்கோங்க. இலங்கைப் பசங்களுக்கு இந்தத் தடைத் தொல்லை இல்ல, ஊர்லயே போட்டுட்டு ஜாலியா வந்து இறங்கறாங்க.

இறங்கின அன்னிக்கு

ஏர்போர்ட் பேரு தியென்ஹெ. கீழயே மெட்ரோ லைன் 2 இருக்கு, அது ஹான்கோவைத் தாண்டி ஆத்துக்கு அடியில பூந்து ஜியேதாவ்கோ, குவாங்பூதுன், குவாங்கூன்னு மாணவருங்க இருக்கற பக்கமாவே போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா வண்டி மாற வேண்டாம். ராத்திரி லேட்டா இறங்கினா மெட்ரோ இருக்காது, டாக்சி வரிசையில நின்னு ஏறுங்க, உள்ள வந்து "டாக்சி டாக்சி"ன்னு கையைப் புடிக்கறவங்க பின்னாடி போகாதீங்க. ஹாஸ்டல் அட்ரஸை சீன எழுத்துல பெருசா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. இங்கிலீஷ்ல காட்டினா டிரைவர் பாவம் கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிப் பாப்பார், புரியாது. கூகிள் மேப்பை நம்பாதீங்க, இங்க அது ரோட்டை விட்டுத் தள்ளிக் காட்டும். அமாப்னு ஒரு சீன மேப் ஆப், இல்ல ஆப்பிள் மேப் போதும்.

வந்த 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல தங்குமிடம் பதிவு பண்ணணும். இது சட்டம், விளையாட்டு இல்ல. ஹோட்டல்ல தங்கினா அவங்களே பண்ணிடுவாங்க, ஹாஸ்டல்னா ஆபீஸ்ல பாஸ்போர்ட்டை வாங்கிப் பண்ணித் தருவாங்க, அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, பின்னாடி வேணும். வெளிய வீடு எடுத்தாலோ ஃப்ரெண்டு ரூம்ல ரெண்டு நாள் படுத்தாலோ நீங்கதான் பாய்ச்சூஸுவோவுக்குப் போகணும், அதாவது ஏரியா போலீஸ் ஸ்டேஷன். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரோட ஐடி ரெண்டும் வேணும். பண்ணாம மாட்டினா எச்சரிக்கையோட விடலாம், 2000 யுவான் வரைக்கும் அபராதமும் போடலாம். ஒரு யுவான் சுமாரா 12, 13 ரூபான்னு வச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

மொத வாரம்: சிம், அப்புறம் பேங்க்

சைனா மொபைல், யூனிகாம், டெலிகாம்னு மூணு கம்பெனி. செப்டம்பர்ல கேம்பஸுக்குள்ளயே டேபிள் போட்டு குடை விரிச்சு உக்காந்திருப்பாங்க, வாளி, தலகாணியெல்லாம் ஃப்ரீன்னு ஆசை காட்டுவாங்க. வாளிக்காக ரெண்டு வருஷ பிளான்ல கையெழுத்துப் போட்டுராதீங்க, சின்ன பிளான் கேளுங்க. பாஸ்போர்ட் கட்டாயம், முகத்தையும் போட்டோ எடுப்பாங்க. இந்த நம்பர்தான் இனிமே உங்க அடையாள அட்டை மாதிரி, படிப்பு முடியற வரைக்கும் மாத்தாதீங்க.

பேங்குக்கு பாஸ்போர்ட், ஸ்டூடண்ட் கார்டு இல்ல யுனிவர்சிட்டி லெட்டர், அந்தத் தங்குமிடப் பேப்பர், போன் நம்பர் கொண்டு போங்க. சில கிளையில ரெசிடென்ஸ் பர்மிட் (இங்க தங்கிப் படிக்கத் தர்ற அனுமதி, கீழ சொல்றேன்) வந்தப்புறம் வான்னு சொல்லுவாங்க, சில கிளையில உடனே போட்டுத் தருவாங்க, சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல, கேம்பஸுக்குப் பக்கத்துல இருக்கற கிளைக்குப் போங்க, அவங்களுக்கு வெளிநாட்டுப் பசங்களைப் பாத்துப் பழக்கம். ஊர்ல வரி நம்பர் என்னன்னு கேப்பாங்க, பான் நம்பரைக் கையில வச்சுக்கோங்க. பின் நம்பர் இங்க ஆறு இலக்கம். நான் நாலு அடிச்சுட்டு "ஏன் எடுக்க மாட்டேங்குது"ன்னு முழிச்சுட்டு நின்னேன், பின்னாடி வரிசையில ஒரு தாத்தா விரலால ஆறுன்னு காட்டினார், அதுவும் எனக்குப் புரியல, ஏன்னா இவங்க ஆறுக்கு கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டுவாங்க, நம்ம ஊர்ல "போன் பண்ணு"ன்னு காட்டற மாதிரி. யாருக்குய்யா போன் பண்ணச் சொல்றாருன்னு நான் போனை வேற வெளிய எடுத்துட்டேன்.

கார்டு வந்ததும் அலிபே, வீசாட் ரெண்டுலயும் சேருங்க. அதுக்கப்புறம் ஊரே திறந்துரும். மெட்ரோவுக்கு அலிபேலயே க்யூஆர் வரும், ஆரம்பக் கட்டணம் 2 யுவான். டாக்சிக்கு டீடீ, சாப்பாட்டுக்கு மெய்துவான், மத்த சாமான் வாங்கறதெல்லாம் தாவ்பாவ். பார்சல் வீட்டு வாசலுக்கு வராது, கேம்பஸ்ல ஒரு கொடோனுக்கு வரும், போன்ல ஒரு நம்பர் வரும், அதுல மொத எண்ணு அலமாரி, அடுத்தது தட்டு, அதுக்கப்புறம் பொட்டலத்து நம்பர். நீங்களே தேடி எடுத்து மெஷின்ல காட்டிட்டு வர வேண்டியதுதான், நவம்பர் 11 தள்ளுபடி சமயத்துல அங்க போனா திருவிழாக் கூட்டம் தோத்துரும்.

முப்பது நாள் கணக்கு

இதுதான் நெஜமாவே பயப்பட வேண்டிய இடம். எக்ஸ் 1 விசாவுல, அதாவது ஆறு மாசத்துக்கு மேல படிக்க வர்றவங்க விசாவுல, எத்தனை நாள் தங்கலாம்னு போட்டிருக்கற எடத்துல 000-ன்னு இருக்கும், பாத்துட்டு பதறாதீங்க. உள்ள வந்த 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கணும்னு அதுக்கு அர்த்தம். ஆறு மாசத்துக்குள்ள முடியற கோர்ஸுக்கு எக்ஸ் 2, அதுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

மொதல்ல மெடிக்கல். ஊர்ல எடுத்த ரிப்போர்ட்டை சர்வதேசப் பயண சுகாதார மையத்துல காட்டினா சரி பாப்பாங்க, திருப்தி இல்லைன்னா ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, ஸ்கேன்னு திரும்ப எடுப்பாங்க. வெறும் வயித்துல போங்க. யுனிவர்சிட்டியே பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க, அந்தத் தேதியைத் தவற விட்டா அப்புறம் நீங்களா மெட்ரோ ஏறி அலையணும். அது முடிஞ்சதும் யுனிவர்சிட்டி தர்ற கடிதம், ஜேடபிள்யூ ஃபார்ம், தங்குமிடப் பேப்பர், போட்டோ எல்லாத்தோடயும் குடிவரவு ஆபீஸ். போட்டோவுக்கு மட்டும் ஊர்ல எடுத்ததை நம்பாதீங்க, இங்க அவங்க சிஸ்டத்துல ஏறின போட்டோவுக்கு ஒரு நம்பர் போட்ட சீட்டு தருவாங்க, அது வேணும். ஒரு வருஷத்துக்குள்ளன்னா 400 யுவான், ஒண்ணுலருந்து மூணு வருஷத்துக்குள்ளன்னா 800.

பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு ரசீது தருவாங்க, பாஸ்போர்ட் திரும்பி வர ரெண்டு மூணு வாரம் கூட ஆகலாம். அந்த ரசீதை வச்சு ரயில் ஏறலாம், ஹோட்டல்ல தங்கலாம், ஆனா நாட்டை விட்டு வெளிய போக முடியாது. பர்மிட் வர்றதுக்கு முன்னாடி "ஹாங்காங் பக்கத்துலதானே, ரெண்டு நாள் சுத்திட்டு வரலாம்"னு கிளம்பிராதீங்க. எக்ஸ் 1 ஒரு தடவை நுழையறதுக்கு மட்டும்தான், வெளிய போனா அதோட முடிஞ்சது, திரும்ப விசா எடுத்துத்தான் உள்ள வரணும். நாள் தாண்டித் தங்கினா ஒரு நாளைக்கு 500 யுவான், மொத்தம் 10,000 வரைக்கும் போகும், 5-லருந்து 15 நாள் வரைக்கும் உள்ள வைக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. சந்தேகம்னா 12367-க்கு போன் போடுங்க, குடிவரவுத் துறையோட நம்பர், இங்கிலீஷ்ல பேசுவாங்க.

வேலை பத்தியும் இங்கயே சொல்லிடறேன். யாராவது வந்து "சாயங்காலம் ரெண்டு மணி நேரம் குழந்தைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடு, கையில காசு"ன்னு கூப்பிடுவாங்க. யுனிவர்சிட்டி அனுமதியும் பர்மிட்ல குறிப்பும் இல்லாம போனா அது சட்டவிரோத வேலை, 5000-லருந்து 20,000 யுவான் வரைக்கும் அபராதம். கூப்பிட்டவர் அன்னிக்கு போனை எடுக்க மாட்டார். ஸ்காலர்ஷிப்ல வந்தவங்களுக்கு சீன அரசு ஸ்காலர்ஷிப்னா இளநிலைக்கு மாசம் 2500, முதுநிலைக்கு 3000, பிஎச்டிக்கு 3500 யுவான் வருது, கேன்டீன்ல சாப்பிட்டு ஒழுங்கா இருந்தா ஓடும். ஆனா மொத மாசப் பணம் பேங்க் கார்டு கொடுத்தப்புறம்தான் வரும், லேட்டாகும், அதனால 5000 யுவானாவது கையோட வச்சுக்கோங்க.

வீட்டுக்குப் பேசறது

வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டா, ஜிமெயில் எதுவும் இங்க நேரா திறக்காது. அரசு அனுமதி இல்லாத விபிஎன் சட்டப்படி கூடாது, பசங்க என்ன பண்றாங்கங்கறதை நான் இங்க எழுதல. நேர்மையான வழி என்னன்னா வெளிநாட்டு சிம்மோட ரோமிங் டேட்டா, அது ஊர்க் கம்பெனி வழியாப் போறதால எல்லாம் திறக்கும், ஆனா காசு. வீட்லயும் உங்ககிட்டயும் ஐபோன் இருந்தா ஃபேஸ்டைம் வீடியோ ஓடும். இல்லைன்னா மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஆபீஸ் ஆப்தான், ஆனா எங்கம்மா அதுல தினமும் எட்டு மணிக்கு "மீட்டிங்" போடுது. இதை ஊர்லயே அப்பா அம்மா போன்ல போட்டு ரெண்டு தடவை பழக்கிட்டு வாங்க. மொத ரெண்டு நாள் சத்தமே இல்லைன்னா அங்க வீட்டுல ஒலை வைக்க மாட்டாங்க.

சாப்பாடு, தண்ணி, குளிரு

வூஹான்ல காலைச் சாப்பாட்டை "குவோ ஸாவ்"னு சொல்லுவாங்க, அதுக்குன்னு ஒரு தனி மரியாதையே இருக்கு. ரெகான்மியன்தான் ராஜா. வேகவச்ச நூடுல்ஸை சுடுதண்ணில ஒரு முக்கு முக்கி, கிண்ணத்துல கொட்டி, மேல எள்ளு விழுது, முள்ளங்கி ஊறுகாய், வெங்காயத்தாள், மொளகா எண்ணெய். அஞ்சாறு யுவான்தான். கொடுத்த உடனே அடிலருந்து நல்லாக் கெளறணும், கெளறாம போட்டோ எடுத்துட்டு இருந்தீங்கன்னா கட்டி புடிச்சு சிமெண்ட் மாதிரி ஆயிரும். மொத தடவை தொண்டையில ஒட்டும், நாலாவது தடவை அது இல்லாம காலை விடியாது. நம்ம எள்ளு உருண்டை வாசம் அதுல அப்படியே வரும், ஊர் ஞாபகம் வந்து நான் ஒரு நாள் அழுதிருக்கேன், வெளிய சொல்லாதீங்க.

சைவமா இருக்கறவங்க "வோ ச்சி ஸூ"ன்னு சொல்லிப் பழகுங்க. ஆனா கறி துண்டு இல்லாததெல்லாம் சைவம்னுதான் பல கடையில நினைப்பாங்க, எலும்பு சூப்பும் பன்னிக் கொழுப்பும் கணக்குல வராது, அதனால விவரமாக் கேட்டுக்கோங்க. பன்னி வேண்டாம்னா கேம்பஸ்ல ஹலால் கேன்டீன் இருக்கான்னு பாருங்க, "ச்சிங்ஜென்"னு சொல்லுவாங்க, பல யுனிவர்சிட்டில உண்டு. ரூம்ல சமைக்கலாமான்னு ஹாஸ்டல் ரூலைப் பாத்துட்டு இண்டக்‌ஷன் வாங்குங்க. எங்க மாடியில ஒருத்தன் ரகசியமா தாளிச்சான், வரமொளகா காரம் ஏறி அந்தக் கடைசி ரூம் வரைக்கும் எல்லாரும் இருமிட்டு வெளிய வந்துட்டாங்க, வார்டன் தீயணைப்பு சிலிண்டரோட நிக்கறாங்க.

குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. மாடிக்கு ஒரு சுடுதண்ணி மெஷின் இருக்கும், ஃபிளாஸ்க் வாங்கிக்கோங்க. உடம்பு சரியில்லைன்னு யார்கிட்ட சொன்னாலும் "சுடுதண்ணி குடி"ம்பாங்க, நம்ம ஊரு சுக்குக் கஷாயம் மாதிரி அது இவங்களுக்கு. வெளிய போனா பாக்கெட்ல டிஷ்யூ இருக்கட்டும், பொதுக் கழிவறையில இருக்காது.

குளிரைப் பத்தி ஒரு எச்சரிக்கை. வடக்க பெய்ஜிங்ல மைனஸ் பத்து, ஆனா அங்க வீட்டுக்குள்ள அரசாங்கமே சூடு ஏத்தும். ச்சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆத்துக்கும் தெக்க இருக்கற ஊருக்கு அது கிடையாது, வூஹான் தெக்க. தெர்மாமீட்டர்ல ரெண்டு டிகிரின்னு போட்டிருக்கும், ஈரம் எலும்புக்குள்ள பூந்து உக்காந்துக்கும், ரூமுக்குள்ள வந்தா வெளியவிட மோசமா இருக்கும். நவம்பர்லயே மின்சாரப் போர்வை, உள்ளாடை செட், ரப்பர் சுடுதண்ணிப் பை வாங்கிருங்க. தடிமனான கோட்டு ஊர்லருந்து தூக்கிட்டு வராதீங்க, இங்க நல்லதா, மலிவாக் கிடைக்கும். வெயில் காலம் சென்னைக்காரங்களுக்குப் புதுசு இல்ல, ஜூலைல 38 டிகிரியும் புழுக்கமும் சேந்து வரும், இந்த ஊருக்கே அடுப்புன்னு பேரு.

உடம்புக்கு முடியலைன்னா

மொதல்ல கேம்பஸ் கிளினிக். பெரிய ஆஸ்பத்திரின்னா "குவாஹாவ்", அதாவது டோக்கன். கவுண்டர்ல இல்ல ஆப்ல எந்தப் பிரிவுன்னு சொல்லி டோக்கன் காசு கட்டணும், டாக்டர் பாப்பார், டெஸ்ட் எழுதுவார், அதுக்கு ஒரு தடவை காசு, மருந்துக்கு ஒரு தடவை காசு. ஒவ்வொண்ணுக்கும் ஃபாபியாவ்னு ரசீது வாங்கி வச்சுக்கோங்க, அது இல்லைன்னா இன்ஷூரன்ஸ்ல ஒரு பைசா வராது. இன்ஷூரன்ஸ் கட்டாயம், வருஷத்துக்கு 800 யுவான். படுத்துச் சிகிச்சை எடுக்கணும்னா சேர்றதுக்கு முன்னாடியே இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க. ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110, தீயணைப்பு 119.

பாஷை

பிளெகோன்னு ஒரு டிக்‌ஷனரி, நெட் இல்லாமயும் ஓடும், ஊர்லயே இறக்கிட்டு வாங்க. ஒரே ஒரு அறிவுரை, உச்சரிப்பைத் தமிழ் எழுத்துல எழுதி வச்சுப் படிக்காதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன். நமக்கு "ப" ஒண்ணுதான், இவங்களுக்கு காத்து வர்ற ப, காத்து வராத ப, ரெண்டும் வேற வேற எழுத்து, "த"வும் அப்படித்தான். ஒரு நாள் சீன வீட்டுல விருந்து, மூக்கு முட்டத் தின்னுட்டு, வயிறு நெறைஞ்சிருச்சுங்கன்னு நோட்டுல எழுதி வச்ச மாதிரி "தூஸ பாவ் ல"ன்னேன். மேசையே அமைதி ஆயிருச்சு, அப்புறம் ஒரு குட்டிப் பொண்ணு எழுந்திருச்சு சோபாவுக்கு அடியில குனிஞ்சு பாக்குது. நான் "முயல் ஓடிப் போச்சு"ன்னு சொல்லியிருக்கேன். வயித்துக்கும் முயலுக்கும், நெறைஞ்சதுக்கும் ஓடினதுக்கும் அந்தக் காத்துதான் வித்தியாசம். உள்ளங்கையை வாய்க்கு முன்னாடி வச்சு, காத்து படுதா இல்லையான்னு பாத்துப் பாத்துப் பழகுங்க. எம்பிபிஎஸ் படிக்க வர்றவங்க இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, பாடம் இங்கிலீஷ்ல நடக்கும் ஆனா வார்டுல பேஷண்ட்டு வூஹான் பேச்சுலதான் வலியைச் சொல்லுவார்.

ரயில்

12306 ஆப்ல பாஸ்போர்ட்டைப் பதிவு பண்ணிட்டா டிக்கெட் எடுக்கலாம், பேப்பர் டிக்கெட் வேண்டாம், பாஸ்போர்ட்டைக் காட்டிட்டுப் போக வேண்டியதுதான். தானியங்கிக் கதவுல நம்ம பாஸ்போர்ட் வேலை செய்யலைன்னா ஓரத்துல ஆள் நிக்கற வழியாப் போங்க. டிக்கெட்ல ஸ்டேஷன் பேரை ரெண்டு தடவை பாருங்க, வூஹான், ஹான்கோ, வூச்சாங்னு மூணு பெரிய ஸ்டேஷன், ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம். குவாங்சோவுக்கு நாலு மணி நேரத்துல போயிரலாம், நான் ஹான்கோவுல போய் நின்னுக்கிட்டு வூஹான் ஸ்டேஷன் வண்டியைத் தேடினதுல எட்டு மணி நேரம் ஆச்சு.

கடைசியா ஒண்ணு, புதுசா வந்தவங்களை விட பழைய ஆளுங்கதான் இதுல மாட்டறாங்க. குளிர்கால லீவு சீனப் புத்தாண்டை ஒட்டி வரும், ஜனவரி பிப்ரவரி, நம்ம பொங்கலுக்கும் பக்கத்துலயே. ஊருக்குப் போய் கரும்பு தின்னுட்டு, பெட்டி நெறைய பொடியோட அதே ரூமுக்கு, அதே கட்டிலுக்குத் திரும்பி வருவீங்க. ஆனா நாட்டை விட்டுப் போயிட்டு வந்ததால 24 மணி நேரக் கணக்கு திரும்பவும் மொதல்லருந்து ஆரம்பம். தூங்கி எழுந்திரிச்சுப் பாத்துக்கலாம்னு படுக்காம, பெட்டியை வச்சுட்டு நேரா ஹாஸ்டல் ஆபீஸுக்குப் போய் பாஸ்போர்ட்டை நீட்டுங்க. புது பர்மிட் ஒட்டினாலும், பாஸ்போர்ட் மாத்தினாலும் இதேதான். ஆபீஸ் சாயங்காலம் அஞ்சரைக்குப் பூட்டிருவாங்க, ஃபிளைட்டை அதுக்குத் தகுந்த மாதிரி பாத்து எடுங்க.